பேசி மாறிய ஓட்டுநர்கள்: சுவீடனின் டெலிவெர்க்கெட் சோதனை குறித்த நிகழ்வு ஆய்வு

பணியாளர்களை நாள்தோறும் சாலைக்கு அனுப்பும் நிறுவனங்களில் விபத்து எண்ணிக்கை கூடும்போது நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். சுற்றறிக்கை ஒன்று வரும்; சுவரில் புதிய சுவரொட்டி ஏறும்; வெளியிலிருந்து ஒருவரை அழைத்து ஒரு நாள் வகுப்பு நடத்துவார்கள்; விபத்தில்லாமல் ஓட்டியவருக்குப் பரிசு உண்டென்று அறிவிப்பார்கள். அடுத்த ஆண்டு எண்ணிக்கை குறைந்தால் வகுப்புக்குப் பெருமை சேரும், குறையாவிட்டால் பழி ஓட்டுநர் தலையில் விழும். இவற்றுள் எது உண்மையிலேயே பலன் தருகிறது என்று ஒன்றோடொன்று ஒப்பிட்டு அளந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. சுவீடனின் அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமாக இருந்த டெலிவெர்க்கெட் அந்தச் சிலருள் ஒன்று. அங்கே நடந்த சோதனையின் முடிவுகளை கிரெகெர்சென், பிரேமர், மோரென் ஆகிய மூவரும் 1996-இல் ‘ஆக்ஸிடென்ட் அனாலிசிஸ் அண்ட் பிரிவென்ஷன்’ என்ற ஆய்விதழில் வெளியிட்டனர். சாலைப் பாதுகாப்பில் ஓட்டுநரின் தன்னுணர்வுக்கு என்ன இடம் என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்தவரை, இதைவிடத் தெளிவான நிகழ்வு அதிகமில்லை.

சோதனையின் அமைப்பு எளிமையானது, அந்த எளிமையிலேயே அதன் வலுவும் இருக்கிறது. நிறுவனத்தின் ஓட்டுநர்கள் ஐந்து பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ 900 பேர். முதல் பிரிவுக்கு ஓட்டுநர் பயிற்சி, இரண்டாவதற்குக் குழுக் கலந்துரையாடல், மூன்றாவதற்குப் பாதுகாப்புப் பிரச்சாரம், நான்காவதற்கு விபத்தில்லா ஓட்டத்துக்கான ஊக்கத்தொகை. ஐந்தாவது பிரிவுக்கு எதுவும் தரப்படவில்லை. நடவடிக்கைக்கு முந்தைய விபத்துப் பதிவும் பிந்தைய விபத்துப் பதிவும் பிரிவு வாரியாக ஒப்பிடப்பட்டன. ஐந்தாவது பிரிவு இல்லாமல் இந்தக் கணக்கு எதையும் நிரூபிக்காது. வானிலை, எரிபொருள் விலை, போக்குவரத்து நெரிசல், புதிய வாகனங்கள் என விபத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் காரணிகள் எல்லாப் பிரிவினரையும் ஒரே சமயத்தில் தொடுகின்றன; எதுவும் பெறாத பிரிவிலும் விபத்து குறைந்திருந்தால், மற்றவற்றில் கண்ட குறைவில் அந்த அளவைக் கழித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

இவர்களில் பெரும்பாலானோருக்கு வாகனம் ஓட்டுவது தொழில் அன்று. தொழிலிடத்துக்குப் போய்ச் சேரும் வழி மட்டுமே. பழுது பார்க்கவும் இணைப்புக் கொடுக்கவும் செல்லும் ஒருவர் தம்மைத் தொழில்நுட்பப் பணியாளராகத்தான் கருதுவாரே தவிர ஓட்டுநராகக் கருதமாட்டார். தம் கைத்தொழிலில் நேரும் பிழைகளை மறுநாளே கண்டுபிடித்துவிடும் அவர், ஸ்டியரிங்கைப் பிடித்த கையின் பிழைகளை ஆண்டுக்கணக்கில் காணாமலே இருக்கக்கூடும்.

அனுபவம் ஏன் கற்றுத்தருவதில்லை

சோதனையின் முடிவுக்குள் போவதற்கு முன், அது தீர்க்க முனைந்த சிக்கலைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது. 1981-இல் ஓலா ஸ்வென்சன் என்ற சுவீடன் உளவியலாளர் அமெரிக்க மாணவர்களிடமும் சுவீடன் மாணவர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: உங்கள் குழுவில் உள்ள மற்ற ஓட்டுநர்களோடு ஒப்பிட்டால் உங்கள் திறமை எந்த இடத்தில் இருக்கிறது? அமெரிக்கர்களில் 93 விழுக்காட்டினர் தம்மை நடுநிலைக்கு மேலே வைத்துக்கொண்டனர். சுவீடன் நாட்டவரில் 69 விழுக்காட்டினர். பாதுகாப்பாக ஓட்டுவது பற்றிக் கேட்டபோது அமெரிக்கர்களில் 88 விழுக்காட்டினரும் சுவீடன் நாட்டவரில் 77 விழுக்காட்டினரும் அப்படியே சொன்னார்கள். நடுநிலைக்கு மேலே பாதிப் பேருக்குத்தான் இடம் உண்டு என்பதால், மீதிப் பேர் தம்மைத் தவறாகக் கணித்திருக்கிறார்கள் என்பது கணக்கிலேயே தெரிகிறது. பாதுகாப்புச் சுவரொட்டிகள் ஏன் எடுபடுவதில்லை என்பதற்கு இந்த ஓர் ஆய்வே போதுமான விளக்கம் தருகிறது: ‘கவனமாக ஓட்டுங்கள்’ என்ற வாசகத்தைப் படிக்கும் ஒவ்வொருவரும் அது அடுத்தவருக்கு எழுதப்பட்டது என்றே எடுத்துக்கொள்கிறார்.

இதை வெறும் தற்பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது. சாலை தரும் பாடமே தலைகீழாக இருக்கிறது. முன்னே செல்லும் வாகனத்தை ஒட்டியே ஓட்டுபவர் பல ஆயிரம் கிலோமீட்டர் எதுவும் நேராமல் ஓட்டிவிடுவார். ஒவ்வொரு முறையும் ஏதும் நேராமல் போய்ச் சேர்வது, அவர் செய்தது சரி என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வளைவில் முந்திச் சென்றவருக்கு எதிரே வந்தவர் பிரேக் பிடித்து வழிவிட்டது தெரியாது. தெரிந்தாலும் அதைத் தம் சாமர்த்தியக் கணக்கில் எழுதிக்கொள்வார். நூலிழையில் தப்பிய நிகழ்வுகளில் பெரும்பகுதி, தப்பியவரின் கவனத்துக்கே வருவதில்லை. ஆகவே ஆண்டுகள் கூடக்கூட வாகனத்தைக் கையாளும் லாகவம் கூடுகிறது. தன் பழக்கங்களை எடைபோடும் திறன் கூடுவதற்கு அந்த அனுபவத்தில் எதுவுமே இல்லை.

வேகத்தை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். 20 கிலோமீட்டர் தொலைவை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 12 நிமிடம். 120-இல் கடக்க 10 நிமிடம். அவ்வளவு அபாயத்துக்கும் கிடைப்பது 2 நிமிடம், அதுவும் வழியில் ஒரு சிக்னலோ ஒரு லாரியோ குறுக்கிடாமல் இருந்தால். ஆனால் 120-இல் ஓட்டும்போது நிறைய நேரம் மிச்சமாகிறது என்ற உணர்வு உறுதியாக இருக்கும், ஏனென்றால் வேகம் உடம்பில் தெரிகிறது, நிமிடம் தெரிவதில்லை.

மறுபக்கக் கணக்கு இது. உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் உள்ள இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மணிக்கு 50 கிலோமீட்டர், மற்றொன்று 60. முன்னே ஒரு குழந்தை குறுக்கே ஓடி வருகிறது. இரண்டு ஓட்டுநர்களும் ஒரே நொடியில் பார்க்கிறார்கள், இருவருக்கும் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகிறது. பிரேக் பிடித்தபின் வாகனத்தின் வேகம் ஒவ்வொரு நொடியும் ‘நொடிக்கு 7 மீட்டர்’ என்ற அளவு குறையும் என்று கொண்டால், முதல் கார் அந்த ஒரு நொடியில் சுமார் 14 மீட்டரும் பிரேக் பிடித்த பிறகு சுமார் 14 மீட்டரும் உருண்டு, 28 மீட்டருக்குள் நின்றுவிடும். அது நின்ற அதே இடத்தை இரண்டாவது கார் எட்டும்போது அதன் வேகம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டால், பலர் 10 என்பார்கள், சிலர் 15 என்பார்கள். கணக்குப்படி அது மணிக்கு 40 கிலோமீட்டர். பத்து கிலோமீட்டர் வித்தியாசம் ஒரு குழந்தையைத் தொடாமல் நிற்பதற்கும் 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதற்கும் இடையிலான வித்தியாசமாக மாறுவது எந்த ஓட்டுநரின் உள்ளுணர்விலும் இல்லை. சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துகளின் அபாயம் ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதற்குப் பின்னால் இருப்பதும் இதே இயற்பியல்தான். 2021-இல் மட்டும் உலகச் சாலைகளில் இறந்தவர்கள் சுமார் 11.9 லட்சம் பேர் என்று அதே நிறுவனம் மதிப்பிடுகிறது.

திறமையைக் கூட்டினால் போதாதா

இயல்பாக எழும் பதில், ஓட்டுநருக்கு இன்னும் நன்றாக ஓட்டக் கற்றுக்கொடுக்கலாம் என்பதே. இந்தப் பதிலின் மீது ஐயம் கொள்ள நியாயம் உண்டு, ஏனெனில் சுவீடனின் பக்கத்து நாடான நார்வேயில் ஒரு கசப்பான அனுபவம் நேர்ந்தது. பனியிலும் ஈரத்திலும் வாகனம் சறுக்கும்போது அதை மீட்பது எப்படி என்ற பயிற்சியை நார்வே 1979 முதல் புதிய ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கியது. சறுக்கலை மீட்கத் தெரிந்தவர் சறுக்கி விபத்துக்குள்ளாவது குறையும் என்பது எவரும் மறுக்காத எதிர்பார்ப்பு. 1988-இல் வெளியான மதிப்பீடு நேர்மாறான செய்தியைச் சொன்னது: பயிற்சி பெற்ற இளம் ஆண் ஓட்டுநர்களிடையே வழுக்கும் சாலை விபத்துகள் கூடியிருந்தன. அவர்களுக்குச் சறுக்கலை மீட்கத் தெரிந்தது. கூடவே, தெரியும் என்ற நம்பிக்கையும் வந்துவிட்டது. அந்த நம்பிக்கை ஆக்ஸிலரேட்டரில் இருக்கும் காலுக்கு இறங்கிவிட்டது.

கிரெகெர்சென் இதே கேள்வியைச் சிறிய அளவில், கட்டுப்பாடான சூழலில் சோதித்துப் பார்த்தார். அந்த ஆய்வும் 1996-இல்தான் வெளியாயிற்று. வழுக்கும் தளத்தில் ஓட்டப் பழகுபவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நெருக்கடியில் பிரேக் பிடித்துத் தடையைத் தவிர்க்கும் திறமையை முடிந்தவரை நன்றாகக் கற்றுக்கொடுத்தார்கள். மறு பாதிக்கு, அப்படிப்பட்ட தருணத்தில் தன் திறமை எவ்வளவு நிச்சயமற்றது என்பதைத் தானே உணரும்படி செய்தார்கள். ஒரு வாரம் கழித்து இரு பிரிவினரையும் அழைத்து, முதலில் எவ்வளவு நன்றாகச் செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு, பிறகு செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். திறமைப் பயிற்சி பெற்றவர்கள் தம்மை உயர்வாக மதிப்பிட்டிருந்தார்கள். உண்மையான செயல்பாட்டில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. பயிற்சி திறமையைக் கூட்டவில்லை, திறமை பற்றிய எண்ணத்தை மட்டும் கூட்டியிருந்தது. சாலையில் இறங்கும்போது வேகத்தைத் தீர்மானிப்பது அந்த எண்ணம்தான்.

கருவியும் இதற்கு விலக்கு அன்று. ஜெர்மனியின் மியூனிக் நகரில் டாக்சி ஓட்டுநர்களில் ஒரு பகுதியினருக்கு ஏ.பி.எஸ். பிரேக் (அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் இறுகிச் சறுக்காமல் காப்பது) பொருத்திய கார்களும் மற்றவர்களுக்கு அது இல்லாத கார்களும் கொடுத்து நடத்திய ஆய்வில், ஏ.பி.எஸ். உள்ள டாக்சிகளுக்கு விபத்து குறையவில்லை. அவற்றை ஓட்டியவர்கள் வளைவுகளில் கூர்மையாகத் திரும்பினார்கள், இன்னும் முரட்டுத்தனமாக ஓட்டினார்கள். நல்ல பிரேக் தந்த பாதுகாப்பை அவர்கள் வேகமாக மாற்றிச் செலவழித்துவிட்டார்கள். இதிலிருந்து நல்ல பிரேக் வேண்டாம் என்று முடிவு கட்டுவது அபத்தம். வாகனத்துக்குக் கொடுக்கும் எதையும், அதை எப்படிச் செலவழிப்பது என்று தீர்மானிக்கும் ஒருவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

கூட்டத்தில் நடந்தது

இந்தப் பின்னணியில் குழுக் கலந்துரையாடல் என்ற இரண்டாவது வழியைப் பார்க்க வேண்டும். இதன் வேர் சாலையில் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் குர்ட் லெவின் என்ற உளவியலாளர், இல்லத்தரசிகள் வழக்கமாகச் சமைக்காத இறைச்சி உள்ளுறுப்புகளைச் சமைக்க வைப்பது எப்படி என்று ஆராய்ந்தார். நல்ல சொற்பொழிவு கேட்டவர்களில் 3 விழுக்காட்டினர் மட்டுமே பிறகு அவற்றைச் சமைத்தார்கள். கூடிப் பேசி, செய்து பார்ப்போம் என்று தாமே முடிவெடுத்தவர்களில் 32 விழுக்காட்டினர். சொல்லப்பட்ட தகவல் ஏறத்தாழ ஒன்றுதான். யார் வாயிலிருந்து வந்தது என்பதுதான் மாறியது. ஜப்பானில் ஜூஜி மிசுமி இதே முறையைப் பேருந்து ஓட்டுநர்களிடம் கொண்டுசென்றார். டெலிவெர்க்கெட்டில் நடந்தது அந்த மரபின் தொடர்ச்சி.

முறை இதுதான். ஒரே இடத்தில் வேலை செய்யும் ஓட்டுநர்கள் சிறு குழுக்களாக மூன்று முறை கூடுவார்கள். கூட்டத்தை நடத்துபவர் பாடம் நடத்தமாட்டார். பேச்சு பாதையிலிருந்து விலகாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அவருடைய வேலை. முதலில், தங்கள் அன்றாட ஓட்டத்தில் எவையெல்லாம் ஆபத்தை உண்டாக்குகின்றன என்று அவர்களே பட்டியலிடுவார்கள். அடுத்து, அவற்றுள் முக்கியமானவை எவை, அவற்றுக்கு என்ன செய்யலாம் என்று பேசுவார்கள். இறுதியாக, ஒவ்வொருவரும் தம் ஓட்டத்தில் எதை மாற்றிக்கொள்ளப் போகிறார் என்ற சொந்த முடிவை எழுதுவார். எழுதித் தருவதை நிர்வாகம் கட்டளையாக விதிப்பதில்லை, எழுதுபவரே தேர்ந்தெடுக்கிறார்.

இத்தகைய கூட்டங்களை அருகிலிருந்து கவனித்த எவரும் ஒரு திருப்பத்தைக் கண்டிருப்பார்கள். தொடக்கத்தில் பேச்சு முழுவதும் மற்றவர்களைப் பற்றியே இருக்கும்: இரு சக்கர வாகனக்காரர்கள், லாரிக்காரர்கள், சாலையைத் தோண்டிப்போட்டுப் போனவர்கள், நேரக் கெடு வைக்கும் மேலாளர். அந்தப் புகார்களில் நியாயமும் இருக்கும். அவற்றைக் கூட்டத்தை நடத்துபவர் மறிக்கக் கூடாது, மறித்தால் கூட்டம் அங்கேயே முடிந்துவிடும். சற்று நேரத்தில் யாராவது ஒருவர், பெரும்பாலும் எல்லோரும் மதிக்கும் ஒருவர், பின்னோக்கி எடுக்கும்போது கண்ணாடியை நம்பித் திரும்பிப் பார்க்காமல் எடுத்ததையோ, போன் அடித்ததும் எடுத்துப் பார்த்ததையோ சாதாரணமாகச் சொல்வார். அதன் பிறகுதான் பேச்சு ‘அவர்கள்’ என்பதிலிருந்து ‘நாம்’ என்பதற்கு வரும். ஒரு மேலதிகாரி அதே செய்தியைச் சொல்லியிருந்தால் அறை முழுவதும் தற்காப்பில் இறங்கியிருக்கும். தன் நிலையில் உள்ள ஒருவர் சொல்லும்போது அங்கே மறுக்க ஒன்றுமில்லை, எதிர்ப்பதற்கும் ஆள் இல்லை.

மூன்றாவது கூட்டத்தில் எழுதப்படும் அந்த ஒற்றை வரிக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். ‘இனிக் கவனமாக ஓட்டுவேன்’ என்று எழுதுபவர் எதையும் முடிவு செய்யவில்லை. கவனம் எப்போது, எந்த இடத்தில், எந்தச் செயலாக வெளிப்படும் என்று அதில் இல்லை. ‘முன்னே போகும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் நொடிகளை எண்ணத் தொடங்குவேன், மூன்று எண்ணுவதற்குள் நான் அந்தக் கம்பத்தை அடைந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரை விடுவேன்’ என்று எழுதுபவர், நினைவுக்குப் பதிலாகச் சாலையையே தனக்கு எச்சரிக்கை மணியாக்கிக்கொள்கிறார். இன்ன சூழல் வந்தால் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே இணைத்துவைப்பது நோக்கத்தைச் செயலாக்க உதவுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் விரிவாகக் காட்டினார். அந்த முறையை எலியட்டும் ஆர்மிட்டேஜும் பிரிட்டனில் வேக வரம்பை மதிப்பது தொடர்பாகச் சோதித்து 2006-இல் வெளியிட்டனர். அப்படித் திட்டம் எழுதியவர்கள் வரம்புக்குள் ஓட்டுவது கூடியதாகத் தெரிவித்தார்கள். அது அவர்களே சொன்ன கணக்கு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

முடிவும் அதன் பொருளும்

விபத்து அபாயத்தைக் குறைப்பதில் ஐந்து பிரிவுகளில் முன்னே நின்றது குழுக் கலந்துரையாடல் பிரிவு. செலவைப் பார்த்தால் இந்த முடிவு இன்னும் வியப்புக்குரியது: பயிற்சித் தளம் வேண்டாம், சிறப்பு வாகனம் வேண்டாம், பயிற்றுநர் பட்டாளம் வேண்டாம், ஒரு அறையும் சில மணி நேரமும் போதும். சுவரொட்டியும் அறிவிப்பும் சார்ந்த பிரச்சாரம் இதற்குப் பக்கத்தில் வரவில்லை. ஓட்டுநர் பயிற்சி பெற்ற பிரிவிலும் பலன் கிடைத்தது என்பதை மறைக்கக் கூடாது. பயிற்சி என்ற ஒரே பெயருக்குள் திறமையைக் கூட்டும் பயிற்சியும் எல்லையை உணர்த்தும் பயிற்சியும் அடங்குகின்றன என்பதை நார்வே அனுபவத்தோடு வைத்துப் பார்த்தால் இதில் முரண்பாடு இல்லை.

இந்த அனுபவங்கள் எல்லாம் சேர்ந்து பின்னர் ஒரு கருத்துச் சட்டகமாக உருப்பெற்றன. பின்லாந்து, சுவீடன், நார்வே ஆய்வாளர்களான ஹட்டக்கா, கெஸ்கினென், கிரெகெர்சென், கிளாட், ஹெர்னெட்கோஸ்கி ஆகியோர் 2002-இல் ஓட்டுநர் கல்வியின் இலக்குகளை நான்கு நிலைகளாக வகுத்தனர். அடியில் வாகனத்தைக் கையாளுதல். அதன் மேல் போக்குவரத்துச் சூழலைச் சமாளித்தல். அதற்கும் மேல், எதற்காக, யாரோடு, எந்த நேரத்தில் இந்தப் பயணம் என்பது. உச்சியில் அந்த மனிதரின் வாழ்க்கை இலக்குகளும் தன்னைக் கட்டுப்படுத்தும் ஆற்றலும். மேல்நிலை கீழ்நிலையை ஆள்கிறது. நண்பர்கள் முன்னால் தன்னை நிரூபிக்க வேண்டும் என்று புறப்பட்டவருக்கு எவ்வளவு நேர்த்தியான கியர் மாற்றமும் உதவாது. தூங்காமல் ஓட்டியே தீர வேண்டும் என்று கிளம்பியவருக்கு வளைவைக் கையாளும் நுட்பம் விடியற்காலை மூன்று மணிக்குக் கைகொடுக்காது. ஒவ்வொரு நிலையிலும் அறிவு, அபாயக் காரணிகள் ஆகியவற்றோடு தன்மதிப்பீடும் ஒரு பாடமாகவே இடம்பெறுகிறது என்பதுதான் இந்தச் சட்டகத்தின் புதுமை. உரிமத் தேர்வுகளோ கீழ் இரண்டு நிலைகளைத்தான் அளக்கின்றன, ஏனென்றால் அவைதான் அரை மணி நேரத்தில் அளக்கக் கூடியவை.

ஆஸ்திரியா இந்த வழியில் நாடளவில் ஓர் அடி எடுத்துவைத்தது. 2003 முதல் அங்கே உரிமம் பெறுவதோடு பயிற்சி முடிந்துவிடுவதில்லை. முதல் ஓராண்டுக்குள் புதிய ஓட்டுநர் மீண்டும் வந்து, பயிற்றுநரோடு ஓட்டிக் கருத்துக் கேட்கவும், பாதுகாப்புப் பயிற்சியோடு உளவியலாளர் நடத்தும் குழு உரையாடலில் கலந்துகொள்ளவும் வேண்டும். சில மாதம் தனியாக ஓட்டிய பிறகு உரையாடல் என்பது கவனிக்கத்தக்கது. அப்போதுதான் பேசுவதற்குச் சொந்தச் சரக்கு இருக்கும்.

ஐயங்கள்

இந்த நிகழ்வை அளவுக்கு மீறிப் புகழ்வது எளிது. ஆகவே எதிர்ச்சான்றுகளையும் எடைபோட வேண்டும். உரிமம் பெற்ற பிறகு தரப்படும் ஓட்டுநர் கல்வி பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பரிசீலித்த காக்ரேன் (ஆய்வுச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பு) மதிப்பாய்வு, அத்தகைய கல்வி விபத்தைத் தடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்ற முடிவுக்கே வந்தது. அதில் ஆராயப்பட்டவற்றுள் பெரும்பகுதி வகுப்பு, அஞ்சலில் அனுப்பிய பாடம், திருத்தப் பயிற்சி போன்றவை என்பது உண்மை. ஆயினும், டெலிவெர்க்கெட்டின் வெற்றியைக் காட்டி எந்த வகுப்பையும் நியாயப்படுத்த முடியாது என்பதற்கு அது தக்க எச்சரிக்கை.

இன்னொன்று, விபத்து என்பது அரிய நிகழ்வு. ஓர் ஆண்டு தற்செயலாகக் கூடினால் அடுத்த ஆண்டு யாரும் எதுவும் செய்யாமலே குறையும். கூடிய ஆண்டுக்குப் பிறகு நடவடிக்கை எடுக்கும் நிறுவனங்கள் அந்தக் குறைவைத் தம் கணக்கில் எழுதிக்கொள்வது உலக வழக்கம். பெரிய பிரிவுகளும் ஒப்பீட்டுப் பிரிவும் இந்தப் பிழையைக் கட்டுப்படுத்துகின்றனவே ஒழிய முற்றிலும் ஒழிப்பதில்லை. தவிர, பேச்சு, குழுவின் பார்வை, எழுதிய முடிவு ஆகிய மூன்றில் எது வேலை செய்தது என்பதை இந்தச் சோதனை பிரித்துக் காட்டவில்லை. மூன்றையும் சேர்த்தே செய்தார்கள், மூன்றும் சேர்ந்தே அளக்கப்பட்டன.

பிற்காலத்தில் வந்த வேறொரு ஆய்வு இந்தப் புதிரில் ஒரு துண்டை நிரப்புகிறது. எண்ணெய், எரிவாயுத் துறைக்குச் சேவை செய்யும் நிறுவனம் ஒன்றின் வாகனங்களில், திடீர் பிரேக், கூர்மையான திருப்பம் போன்றவற்றைப் பதிவு செய்யும் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தி, அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் ஓர் ஆய்வு நடத்தி 2017-இல் வெளியிட்டது. ஒரு பிரிவில், அபாயமாக ஓட்டினால் உள்ளே விளக்கு மட்டும் எரிந்து எச்சரிக்கும். மற்றொரு பிரிவில், விளக்கோடு மேற்பார்வையாளர் அந்தப் பதிவை எடுத்து ஓட்டுநரோடு உட்கார்ந்து பேசுவார். மூன்றாவது பிரிவில் கருவி வெறுமனே பதிவு செய்யும். விளக்கு மட்டும் எரிந்த பிரிவு, எதுவும் சொல்லப்படாத பிரிவிலிருந்து குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை. பேச்சும் சேர்ந்த பிரிவில் அபாயகரமான ஓட்டம் தெளிவாகக் குறைந்தது. கருவி எவ்வளவு துல்லியமாகச் சொன்னாலும், ஓட்டுநர் அதைத் தன்னுடையது என்று ஏற்று வாய்விட்டுப் பேசும்வரை அது இன்னொரு விளக்காகவே இருக்கிறது.

தன்னுணர்வு என்ற சொல்லை நிர்வாகங்கள் ஏன் விரும்புகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓட்டுநரின் மனநிலையே எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் வேலை நேரத்தையும் பயணத் திட்டத்தையும் தேய்ந்த டயரையும் தொட வேண்டியதில்லை. குழுக் கலந்துரையாடலை நேர்மையாக நடத்தினால் இந்தச் சாக்கு அதிலேயே உடையும், ஏனென்றால் ஓட்டுநர்கள் பட்டியலிடும் ஆபத்துகளில் கணிசமானவை நிர்வாகம் உண்டாக்கியவை. அடுத்த இடத்துக்குப் போய்ச் சேரப் போதிய நேரம் தராத அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ‘வேக வரம்பை மீறமாட்டேன்’ என்று எழுதச் சொல்வது கேலிக்கூத்து. 1997-இல் சுவீடன் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட ‘சுழிய இலக்கு’க் கொள்கையும் இதையே வேறு கோணத்தில் வலியுறுத்துகிறது: மனிதர் தவறு செய்வார் என்பதை முன்னிட்டே சாலையையும் வாகனத்தையும் அமைக்க வேண்டும், அந்தத் தவறு உயிரைப் பறிக்காமல் பார்த்துக்கொள்வது அமைப்பை வடிவமைப்பவர்களின் பொறுப்பு. நடத்தை மாற்றமும் இந்தக் கொள்கையும் ஒன்றையொன்று ஒதுக்குபவை அல்ல. நடுத்தடுப்புள்ள சாலையில் நேருக்கு நேர் மோதல் அரிது. ஆனால் அதே சாலையில் இரண்டு நொடி கைப்பேசியைப் பார்ப்பவர் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 55 மீட்டருக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு போகிறார்.

இந்த முறையைப் பின்பற்ற நினைக்கும் நிறுவனத்துக்கு நடைமுறையில் இடறக்கூடிய இடங்கள் இரண்டு. முதலாவது, கூட்டத்தில் சொல்லப்பட்டது ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புக்குப் போவது. ஒருமுறை அப்படி நடந்துவிட்டால் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் யாரும் உண்மை பேசமாட்டார்கள். இரண்டாவது, பட்டியலில் நிர்வாகத்தின் பங்காக வந்தவற்றுக்கு எவரும் பதில் சொல்லாமல் விடுவது. ஓட்டுநர்கள் எழுதிய முடிவுகளை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போகும் மேலாளர், அடுத்த கூட்டத்துக்குத் தம் பெயரில் எழுதப்பட்ட ஒரு முடிவோடு திரும்பி வர வேண்டும். எந்த அட்டவணை திருத்தப்பட்டது, எந்த வாகனத்தின் டயர் மாற்றப்பட்டது என்று அதே மேசையில் அவரும் படித்துக்காட்ட வேண்டும்.